கிணற்றுப் பாத்தியம்

12 ஜூன் 2024, புதன்

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். வாசல் காவலர் இன்றும் என்னைக் குடோனுக்கு அனுப்பப் பார்த்தார். அடையாள அட்டையில் 'எம்ப்ளாயீ ஸ்டாக் பிளான் அனலிஸ்ட்' என்று இருக்கிறது. அவர் கண்ணில் படுவது 'ஸ்டாக்' மட்டும்தான்.

"ஸ்டாக் எடுக்கவா மேடம்? குடோன் பின்னாடி இருக்கு. தலையில துண்டு கட்டிக்கோங்க, ஒரே தூசி."

நிதிப் பிரிவு என்று சொன்னேன்.

"அங்கன ஏது ஸ்டாக்கு?"

நியாயமான கேள்விதான்.

அறுபத்தெட்டு வயதில் எனக்கு ஒரு மேசை, ஒரு கணினி, மேசைமேல் ஒரு பெயர்ப்பலகை. அதில் 'ஞானபூரனி' என்று இரண்டு சுழி. மாற்றச் சொன்னேன். சிவகாசியில் அச்சகம் வைத்துக்கொண்டு ஊழியர் பெயரைத் தப்பாக அச்சடிக்கலாமா?

கான்வென்டில் மதர் பெனடிக்டா ஏற்படுத்திய பழக்கம், டைரியில் அன்றைய கடைசி வரி நன்றியாக இருக்க வேண்டும் என்பது. பள்ளியை விட்ட பிறகும் அது என்னை விடவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த பின் இரண்டு வருடம் அந்த வரிக்கு எழுத ஒன்றுமே கிடைக்காமல், 'வெயில் சற்றுக் குறைவு' என்று எழுதிவைத்த நாள்கள் உண்டு.

இன்றைய நன்றி: பெயர்ப்பலகைக்கு. நாளை மூன்று சுழியுடன் வந்துவிடும்.

15 ஜூன், சனி

சாத்தூரிலிருந்து கம்பெனி வேன். ஓட்டுகிறவர் பெத்தணன். எனக்கு முன் இருக்கை. பின்னால் முழுக்க அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுப் பெண்கள். 'பேஸ்டிங்' என்கிறார்கள். நான் ஏறும்வரை ஒரே சிரிப்பு, கும்மாளம். ஏறியதும் கப்சிப். சிவகாசி வரை இன்ஜின் சத்தம் மட்டும்.

மதியச் சாப்பாடு மேசையிலேயே, தனியாக. வீட்டிலும் அப்படித்தான். ஆனாலும் இங்கே சுவருக்கு அந்தப்பக்கம் மெஷின் ஓடுகிறது.

இன்றைய நன்றி: மெஷின் சத்தத்துக்கு.

24 ஜூன், திங்கள்

ஓசூரிலிருந்து ரெஜினா பேசினாள். "இந்த வயசுல எதுக்கும்மா இது? அப்பா பென்ஷன் வருதுல்ல?" பென்ஷன் வருகிறது மகளே, காலையில் எழுப்புவதில்லை.

என்ன வேலை என்று கேட்டாள். அவள் ஆபீசிலும் இதே திட்டம் இருக்கிறது, ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டுமாம். சொன்னேன். எங்கள் கம்பெனி பட்டாசுப் பெட்டி, மருந்துப் பெட்டி, காலண்டர் எல்லாம் அச்சிடுகிறது. சில வருடங்களில் பங்குச் சந்தைக்குப் போகப் பார்க்கிறார்கள். அதற்குமுன், நெடுநாள் வேலை செய்தவர்களுக்கு இன்றைய குறைந்த விலையில் கம்பெனிப் பங்கு வாங்கும் உரிமை கொடுக்கிறார்கள். சும்மா கிடைத்துவிடாது. கையெழுத்திட்டு ஏற்க வேண்டும். ஏற்றால் ஒரு வருடம் கழித்து முதல் பகுதி அவர்களுடையது, பிறகு வருடத்துக்கு ஒரு பகுதி. யாருக்கு எப்போது எவ்வளவு என்று அட்டவணை போடுவது, கடிதம் கொடுப்பது, டிமேட் கணக்குத் திறக்க உதவுவது, கேட்டால் விளக்குவது — இவ்வளவும் என் வேலை.

விருதுநகர் மில்லில் பங்குப் பிரிவிலேயே என் காலம் போயிற்று. அந்த மில்லின் பங்குதாரர் ஒருவருடைய மகன்தான் இன்று எனக்கு முதலாளி, பாண்டிச்செல்வம். "உங்க கையெழுத்து இருந்தா எங்க அப்பா படிச்சுப் பாக்காமலே ஒத்துக்குவாரு மேடம்" என்று சொல்லித்தான் கூப்பிட்டார். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பறந்தேன் என்று எழுதினால் பொய்யில்லை.

இன்றைய நன்றி: அந்த வாக்கியத்துக்கு, இன்னும்.

28 ஜூன், வெள்ளி

ஹரிபிரசாத்துடன் சண்டை. நிதி மேலாளர், மதுரைப் பையன், என் ரெஜினாவை விடச் சின்னவர். நான் அவரை 'சார்' என்கிறேன். அவருக்குக் கூச்சம், எனக்கு ஒழுங்கு.

தொழிலாளர்களுக்கான தமிழ் நோட்டீஸில் 'ஷேர்' என்றே போடலாம் என்கிறார்.

"சாத்தூரில் ஷேர் என்றால் ஆட்டோ, சார். ஸ்டாக் என்றால் குடோன். 'பங்கு' என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது எதற்கு இரவல்?"

"மேடம், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அடங்கிப் போகிறவர்களுடன் சண்டையிடுவது கடினம். ஆனாலும் ஜெயித்தேன்.

3 ஜூலை, புதன்

நோட்டீஸ் அச்சாகி வந்தது. நான் எழுதியது அப்படியே:

'நிறுவனம் தன் பங்கைப் பிரித்து, நீண்ட காலம் உழைத்த தொழிலாளர்களுக்கு நன்றியுடன் வழங்குகிறது. உரிய தாளில் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளவும்.'

ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை. வாசலில், கேன்டீனில், பேஸ்டிங்கில் ஒட்டினார்கள். போகும்போதும் வரும்போதும் நின்று படித்தேன், மற்றவர்கள் படிக்கிறார்களா என்று பார்ப்பதுபோல.

9 ஜூலை

ஆப்செட் மெஷின் ஆண்கள் வரிசையில் நின்று கையெழுத்திட்டார்கள். ஆபரேட்டர் கண்ணுச்சாமிக்குப் பங்குச் சந்தை செல்போனிலேயே ஓடுகிறது. எனக்கே பாடம் எடுத்தார்.

பேஸ்டிங்கிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. வேலை மும்முரம் போலும்.

17 ஜூலை

இன்றும் இல்லை.

22 ஜூலை, திங்கள்

நானே பேஸ்டிங்குக்குப் போனேன். நீள மேசைகள், பசை வாடை, கைகள் நிற்பதே இல்லை. ஒரு பெட்டியை மடித்து ஒட்டி வீசும் நேரத்தில் நான் மூக்குக் கண்ணாடியைக்கூடத் துடைத்து முடிக்கமாட்டேன்.

முருகேஸ்வரி என்பவள்தான் அங்கே தலை. நாற்பதைத் தாண்டியிருப்பாள். முகத்தில் சிரிப்பு உண்டு, எனக்குக் காட்டுவதில்லை. தாளை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இருக்கட்டும் மேடம். எங்களுக்கு வேணாம்."

"ஏன் வேண்டாம்? இது உங்களுக்குச் சேர வேண்டியது."

பக்கத்து மேசை முத்துமாரி, வாயடக்கம் இல்லாதவள், குரல் கொடுத்தாள்: "வாங்கிட்டா மொதலாளியும் நாமளும் பங்காளி ஆயிருவோம்ல அக்கா! நாளைக்குக் கோர்ட்டுக்கு அலைய யாரால முடியும்?"

மேசை மேசையாகச் சிரிப்பு பரவியது. என் காலடியில் ஏதோ வெடியைப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல் இருந்தது. முருகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. அதை அப்போது கவனித்தேன், என்னவென்று புரியவில்லை.

சேர வேண்டியதைக் கொடுத்தால் வாங்கத் தெரியவில்லை என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

இன்றைய நன்றி: யாரும் என் முகத்தைப் பார்க்காததற்கு.

3 ஆகஸ்ட், சனி — ஆடிப் பெருக்கு

அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் இன்று வெளியீடு. பூஜை, இனிப்பு, ஏஜென்டுகள் கூட்டம். பாண்டிச்செல்வம் எல்லோரிடமும் சிரித்தவர், என்னிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"பேஸ்டிங்கு ஆளுக வேணாம்னுட்டாகளாமே மேடம்? நம்ம கையில இருக்கிறதை நீட்டுறோம், தட்டி விடுறாக. எங்க அப்பா இருந்தா என்னைத்தான் ஏசுவாரு, ஏம்லே போய் நீட்டுனேன்னு."

கோபம் இல்லை, வருத்தம்தான். அது இன்னும் மோசம்.

ஆகஸ்ட் கடைசிவரை பொறுப்பது என்று முடிவு. அதற்குள் ஏற்காதவர்களின் உரிமை ரத்து. இந்த விலையில் இன்னொரு முறை வராது; சந்தைக்குப் போன பிறகு அவர்கள் எட்டிப் பிடிக்கிற உயரத்திலேயே இருக்காது. வேண்டாம் என்பவர்களிடம் 'விருப்பமில்லை' என்று எழுதி வாங்கிவிடச் சொன்னார் ஹரிபிரசாத்.

மெஷின்காரர்களுக்கு உண்டு, பெட்டி ஒட்டுகிறவர்களுக்கு இல்லை என்று ஆகிவிடும். என் அட்டவணையில் ஒரு பிரிவு முழுக்க வெறுமை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

எழுத மனமில்லை. விருப்பமில்லைக் கடிதங்கள் அச்சாகி என் மேசையில் இருக்கின்றன. நாளை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எதுக்குன்னு சொல்லித் தொலைச்சா என்ன? வேணாம்னா ஏன் வேணாம்? நான் என்ன புலியா — வாயைத் திறந்தா கடிச்சிருவேனா?

அவர் இருந்தால் சொல்வார்: "பூரணி, நீ கேக்குற தோரணையில ஏசுநாதரே பதில் சொல்ல யோசிப்பாரு."

இன்றைய நன்றி: அவர் குரல் இன்னும் சரியாக நினைவிருப்பதற்கு.

13 ஆகஸ்ட், செவ்வாய்

கடிதங்களை எடுத்துப் போகவில்லை. அச்சில் ஒரு பிழை இருக்கிறது, திருத்த வேண்டும் என்று ஹரிபிரசாத்திடம் சொன்னேன். பிழை ஏதும் இல்லை.

17 ஆகஸ்ட், சனி

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

நேற்று ஆடிக் கடைசி வெள்ளி, இருக்கன்குடித் திருவிழா. பேஸ்டிங் முழுக்க லீவு. இன்றும் பாதிப் பேர் வரவில்லை. சாயங்காலம் வேனில் முன் இருக்கை முழுக்கப் பசை டின்கள். பெத்தணன் தலையைச் சொறிந்தார். "இன்னைக்கு ஒரு நாளைக்குப் பின்னாடி உக்காந்துக்கோங்க மேடம், லோடு ஏத்திட்டேன்." முருகேஸ்வரி பக்கத்தில் இடம் இருந்தது. நெற்றியில் அம்மன் குங்குமம், கால்விரல் இடுக்கில் ஆற்று மணல்.

மேட்டமலை தாண்டினோம். பிறகு அவளாக:

"மேடம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீகளே?"

"கேளும்மா."

"எங்களை எப்ப நிறுத்துறீக? தீவாளிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

எனக்குப் புரியவில்லை. நிறுத்துவதா?

"தெரிஞ்சா நல்லது மேடம். ஏழாயிரம்பண்ணையில எங்க வீட்டுக்காரரு வேலை பாக்குற பட்டாசுக் கம்பெனியில சொல்லி வச்சிருக்கேன். ஒண்ணாந்தேதியில இருந்து வரச் சொல்றாக. மருந்து வேலைக்கு இனிப் போக மாட்டேன்னு எம் மக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணித்தான் அங்கன இருந்து பெட்டி ஒட்ட வந்தேன். வெடிச்சது எங்க ரூமுக்கு அடுத்த ரூமு, மேடம். அன்னைக்கு நான் தண்ணி குடிக்க வெளிய வந்தேன்... சரி, அதை விடுங்க. என்ன செய்ய, போய்த்தான ஆகணும்."

"உன்னை நிறுத்துவதாக யார் சொன்னது?"

"நீங்கதான்."

"நானா!"

"எழுதி ஒட்டியிருக்கீகளே. பங்கைப் பிரிச்சு நன்றியோட வழங்குறோம், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்கன்னு."

என் நோட்டீஸ். என் ஒற்றுப் பிழையில்லாத நோட்டீஸ்.

அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "எங்க மாமனாரு பெரியாளுகளைக் கூட்டி வச்சு இதத்தான் மேடம் சொன்னாரு. 'இம்புட்டு நாளு உழைச்சிருக்கீக, உங்க பங்கைப் பிரிச்சுட்டேன், வாங்கிக்கோங்க'ன்னு. எங்க வீட்டுக்காரரு கைநாட்டு வச்சாரு. அன்னைக்கே தனி அடுப்பு. அந்த வாசப்படியை அப்புறம் நாங்க மிதிக்கல. பங்கைக் குடுத்தாச்சுன்னா அத்து விட்டாச்சுன்னுதான அர்த்தம்? கையெழுத்துப் போடாத வரைக்கும் தள்ளி விட முடியாதுல்லா. அதான் ஒருத்தியும் போடக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

பெத்தணன் ஸ்டீயரிங்கிலிருந்தே சேர்ந்துகொண்டார். "நன்றின்னு வேற போட்டுட்டீக மேடம்! ரிட்டையராகுற ஆளுக்குத்தான் நன்றி சொல்லி மாலையப் போட்டு, 'பெத்தணா, வீட்டுல விட்டுட்டு வா'ம்பாக. எத்தனை பேரை எறக்கி விட்டிருக்கேன்!"

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "இல்லைம்மா, அது இல்லைம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நம்பவில்லை. நம்பும்படி சொல்ல என்னிடம் சொல் இல்லை. இவ்வளவு சொற்கள் தெரிந்தவள் நான்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "எல்லாவற்றையும் பிரித்துவிட்டார்களா?" என்று கேட்டேன்.

"நெலம், வீடு, மாடு எல்லாந்தான். கெணத்தை எப்படிப் பிரிக்க? அதுல மட்டும் எங்களுக்கும் பாத்தியம் இருக்கு. எங்க மாமியா மூஞ்சியக் குடுத்துப் பேசாது. ஆனா எங்க முறைக்கு மோட்டாரை நிப்பாட்ட முடியாதுல்ல. அந்தப் பாத்தியத்துலதான் இன்னமும் அந்தப் பக்கம் போக வர இருக்கோம்."

சாத்தூர் வந்துவிட்டது. இறங்கும்போது மஞ்சள் துணியில் முடிந்த மாவிளக்கு மாவைக் கையில் வைத்தாள். "நீங்க வேதக்காரவுக, அம்மனுக்குப் படைச்சதைச் சாப்பிடுவீகளோ என்னமோ."

சாப்பிட்டேன். இந்த வரிக்கு முன்புவரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

பூசையில் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினார்: "அன்பான பங்கு மக்களே..."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். பங்குக் கோயில், பங்குத் திருவிழா, பங்கு மக்கள். எனக்குப் 'பங்கு' என்றால் உள்ளே இருப்பவர்கள். அவளுக்குப் 'பங்கு' என்றால் வெளியே அனுப்பப்பட்டவர்கள். ஒரே சொல். அவளும் தமிழ்தான், நானும் தமிழ்தான்.

பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. மனத்தில் அந்தக் கிணறு. பிரிக்க முடியாதது. யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாதது. ஆனால் முறை வந்தால் தண்ணீர் உன்னுடையது.

பாத்தியம்.

ஆண்டவரே, கம்பெனிப் பங்கு என்பதும் அதுதானே?

19 ஆகஸ்ட், திங்கள்

ஹரிபிரசாத்திடம் போய் நின்றேன். வேனில் நடந்ததைச் சொன்னேன். 'நான் அப்போதே சொன்னேன்' என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. டீ வரவழைத்தார், எனக்குச் சர்க்கரை இல்லாமல்.

"ஷேர் என்ற உங்கள் சொல்லும் சரியில்லை, பங்கு என்ற என் சொல்லும் சரியில்லை சார்" என்றேன். இன்னும் முழுதாகச் சொல்லியிருக்கலாம். தவறு என் சொல்லில்தான் அதிகம். நாளைக்குச் சொல்லலாம்.

"பாத்தியம்னா என்ன மேடம்?" என்று கேட்டார். மதுரை டவுன் பையன். விளக்கினேன். சட்டத் தாள்களில் உள்ளதை மாற்ற முடியாது, விளக்க நோட்டீஸை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பாண்டிச்செல்வத்திடமும் அவரே பேசினார். அதற்கு முதலாளி, "அட, எங்க சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் பங்கு பிரிச்சு முப்பது வருசம் பேச்சில்லையே. எனக்கே தோணாமப் போச்சே" என்றாராம்.

என் கையாலேயே பழைய நோட்டீஸைக் கிழித்தேன். பேஸ்டிங்கில் ஒட்டியிருந்தது பலமான பசை, நகம் உடைந்தது.

இன்றைய நன்றி: சர்க்கரை இல்லாத டீக்கு.

21 ஆகஸ்ட், புதன்

சாப்பாட்டு நேரத்தில் பேஸ்டிங்கில் படித்துக் காட்டினேன். நின்றுகொண்டு அல்ல, பெஞ்சில் அவர்கள் நடுவே உட்கார்ந்து. புது நோட்டீஸ் இது:

'இந்தக் கம்பெனி ஒரு கிணறு. இதை யாரும் பிரிக்கவில்லை. யாரையும் பிரித்து விடவில்லை. இங்கே வேலை செய்கிற உங்களுக்கும் இனி இதில் பாத்தியம் உண்டு. வேலை எப்போதும்போல நடக்கும்.'

நன்றி என்ற சொல் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அதை வேண்டுமென்றே விட்டேன்.

முத்துமாரிதான் முதலில்: "பாத்தியம் இருக்குன்னா எம்.டி. சேர்ல உக்காரலாமா மேடம்?"

"கிணற்றில் பாத்தியம் இருந்தால் கிணற்றுக்குள்ளேயா போய் உட்காருவாய்?"

பெஞ்சே குலுங்கியது. இந்த முறை நானும் சேர்ந்து.

முருகேஸ்வரி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து கேட்டாள். "பாதியில வேலையை விட்டுட்டா?"

"ஒரு வருடம் முடியும் முன் விட்டால் ஒன்றும் கிடையாது. முடிந்தபின் விட்டால், அதுவரை வந்தது உன்னுடையது."

"கெணறு வத்திப் போனா?"

ஹரிபிரசாத் கதவருகே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னேன். "வற்றிப் போனால் பாத்தியத்துக்கும் மதிப்பில்லை. போட்ட காசு போனதுதான். அதை மறைக்க மாட்டேன்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். முதல்முறை.

"கரிசக்காட்டுல பொறந்தவுக நாங்க. வத்தாத கெணறுன்னு நீங்க சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்போம்."

28 ஆகஸ்ட், புதன்

முருகேஸ்வரி வந்தாள். பின்னால் பேஸ்டிங் முழுக்க. என் மேசையைச் சுற்றி மஞ்சள், மல்லிகை, பசை வாடை. காவலர் எட்டிப் பார்த்து, "மேடம், ஸ்டாக் வந்துருச்சு போல" என்றார்.

'உங்களுக்குப் பின் யாருக்கு' என்ற இடத்தில் பேனா நின்றது. நான் அவசரப்படுத்தவில்லை. வெடிச்சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் என்று வாசலுக்கு ஓடுகிற ஊர்க்காரர்களிடம் இதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. மெதுவாக 'அனுப்பிரியா, மகள்' என்று எழுதினாள்.

"நர்சிங் படிக்கா மேடம். இதைச் சொன்னா நம்ப மாட்டா."

"ஒண்ணாந்தேதி?" என்றேன்.

"ஏழாயிரம்பண்ணைக்குப் போன் போட்டு வரலைன்னுட்டேன். எங்க வீட்டுக்காரருதான், 'அங்கன எனக்கும் ஒரு எடம் கெடைக்குமா'ன்னு கேக்காரு."

எந்த வரியை இன்று நன்றியாக எழுதுவது? இடம் போதாது.

30 அக்டோபர்

நாளை தீபாவளி. பெண்கள் பை நிறைய மத்தாப்பு கொடுத்தார்கள். யாருக்குக் கொளுத்த? எதிர்வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும்.

14 பிப்ரவரி 2025

இப்போதெல்லாம் மதியம் பேஸ்டிங் பெஞ்சில்தான் சாப்பாடு. என் புளிக்குழம்பில் உப்புக் கம்மி என்று முத்துமாரி சொன்னாள். ஐம்பது வருடமாக யாரும் சொல்லத் துணியாதது. ருசித்துப் பார்த்தேன். கம்மிதான்.

இன்றைய நன்றி: உப்புக்கு.

21 ஜூலை, திங்கள்

என் ஒப்பந்தம் ஆகஸ்டுடன் முடிகிறது. சென்னையிலிருந்து புது மென்பொருள் வாங்குவதாகப் பேச்சு. அட்டவணையெல்லாம் அதுவே போட்டுக்கொள்ளுமாம். ஹரிபிரசாத் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பது என் வழக்கமில்லை.

நிரந்தர ஊழியர்களுக்குத்தான் இந்தத் திட்டம். எனக்கு அதில் இடமில்லை என்பது முதல் நாளே தெரியும். அந்த விதியை நோட்டீஸில் எழுதியதே நான்தான்.

கிடைத்த ஒரு வருடம் பெரிது. பேராசை கூடாது, பூரணி.

1 செப்டம்பர், திங்கள்

முதல் பகுதி இன்று அவர்களுடையதானது. சந்தைக்குப் போகும் வேலை இன்னும் இழுக்கிறது. கிணற்றில் எவ்வளவு ஊறும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் பாத்தியம் பாத்தியம்தான். கேன்டீனில் சின்ன விழா. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு பெயரையும் தப்பாக உச்சரிக்கவில்லை. முருகேஸ்வரி தாளை வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அனுப்பிரியாவுக்கு அங்கிருந்தே வீடியோ கால்.

கடைசியில் பாண்டிச்செல்வம் மைக்கைப் பிடித்தார். "இந்தத் திட்டம் நல்லபடியா நடந்ததுக்குப் பூரணி மேடத்துக்கு நம்ம கம்பெனி சார்பா நன்றி..." என்று தொடங்கி, பையிலிருந்து பொன்னாடையை எடுத்து விரித்தார்.

எழுந்து நின்றேன். ஆகஸ்டு முடிந்து ஒரு நாள். சரி, இதுதான் அது. நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து முத்துமாரியின் குரல் கூரையைப் பிய்த்தது.

"சார்! மேடத்துக்குப் பங்கு பிரிச்சுறாதீக!"

உடனே பேஸ்டிங் மொத்தமும் கத்தியது. "மாலை போடாதீக சார்!" "நன்றி சொல்லாதீக சார்!" முதலாளி விரித்த பொன்னாடையோடு சிலையாக நின்றார், துணி உலர்த்த வந்தவர்போல. ஹரிபிரசாத் ஓடிப் போய் அவர் காதில் ஏதோ சொன்னார். பாண்டிச்செல்வம் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது.

"எம்மா, நான் அனுப்பவே இல்லம்மா! அடுத்த செட்டுத் தொழிலாளிகளுக்குக் குடுக்கவும் மேடமே வேணும்னு ஹரி போன மாசமே எழுதி வாங்கிட்டாரு. மேடத்துக்கு இன்னுமா சொல்லல?"

ஹரிபிரசாத் என்னைப் பார்த்தார். "கடிதத்துல ஒரு பிழை இருந்துச்சு மேடம். திருத்திட்டு இன்னைக்கு எல்லார் முன்னாடியும் தரலாம்னு..."

என்ன பிழை என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த மாதிரிப் பிழைகள் தெரியும்.

"அப்ப இதை என்ன செய்ய?" என்று பொன்னாடையைத் தூக்கிக் காட்டினார் முதலாளி.

"எங்கிட்டக் குடுங்க சார்" என்றார் பெத்தணன். "முன் சீட்டு கிழிஞ்சு கெடக்கு. மேல விரிச்சிருதேன். மேடந்தான அதுல உக்காருறாக."

2 செப்டம்பர், செவ்வாய்

வேனில் சரிகை குத்துகிறது.

மதியம் டிபன் பாக்ஸோடு பேஸ்டிங்குக்குப் போனேன். நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சு ஓரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முருகேஸ்வரி அவளை விரட்டினாள். "ஏத்தா, எந்திரி. அதுல எழுதியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

அவள் எழுந்தபிறகுதான் பார்த்தேன். கழிவு அட்டைத் துண்டு ஒன்றைப் பெஞ்சில் ஒட்டியிருக்கிறார்கள். நோட்டீஸ் ஒட்டிய அதே பசை; நகத்துக்கு வராது. ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்து:

மேடம் பாத்தீயம்.

நெடில் கூடாது. குறில்தான். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடியைப் போட்டுப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முத்துமாரி என் டிபன் பாக்ஸில் ஊறுகாய் வைத்தாள்.

இன்று நன்றி எழுதப்போவதில்லை. நாளைக்கும் வேன் வரும்.